காய்ப்புழுவுக்காக மாதனூர் வரை

போன ஆடியில் நானும் என் அக்கா தனபாக்கியமும் சோளிங்கரிலிருந்து மாதனூர் வரை போய் வந்தோம். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ இல்லை. பருத்திக் காயைத் துளைக்கும் புழுவைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் போனோம். சொன்னால் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கம்போடியா பருத்தி போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்களில் யாராவது இதே வழியில் போக நினைத்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அக்காவின் நிலமும் என் நிலமும் ஒரே கிணற்றுப் பாசனம். அத்தான் காலமான பிறகு இரண்டையும் சேர்த்துத்தான் உழுகிறோம். இரண்டு வருஷமாகப் பருத்தி. முதல் வருஷம் காய் வெடித்து வயல் முழுக்க வெள்ளையாக நின்றபோது, அந்தப் பக்கம் போன வண்டிக்காரர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். மறு வருஷம் செடியில் குறை தெரியவில்லை, காயில்தான் வந்தது. வெளியே பச்சையாக, உருண்டையாக இருக்கும். பிளந்தால் ஒரு சுளை நன்றாகவும் பக்கத்துச் சுளை மஞ்சளாக அழுகியும் இருக்கும். நடுவில் விதையைக் குடைந்தபடி ரோஜா நிறத்தில் ஒரு சின்னப் புழு. எடுக்க வந்த பெண்கள் பாதிக் காயை மடியில் போடாமல் வரப்பில் எறிந்தார்கள்.

"இந்த வருசம் வேர்க்கடலை போடலாம். மண்ணுக்குள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரியாது, மனசாவது நோவாது" என்றார் அக்கா. எனக்குப் பருத்தியை விட மனமில்லை. அப்போதுதான் மாதனூரில் பருத்தி ஆராய்ச்சிக்காரர் ஒருவர் தங்கியிருக்கிறார், ஊராரைச் சேர்த்துக்கொண்டு புழுவோடு போராடுகிறார் என்று கேள்விப்பட்டேன். நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றேன். "நானும் வர்றேன். நீ தனியா போனா அவர் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வந்துடுவ" என்றார் அக்கா.

சோளிங்கர் என்று பெயர் போட்ட ஸ்டேஷன் சோளிங்கரில் இல்லை என்பது மலைக்கு வரும் பக்தர்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து ஏழெட்டு மைல். காலை வண்டியைப் பிடிக்க விடிவதற்கு முன்பே மாட்டு வண்டியில் கிளம்பிவிட வேண்டும். பாசஞ்சர் வண்டி ஆம்பூருக்கு நேரே போகிறது; காட்பாடியில் மாற வேண்டாம், ஆனால் அங்கே வெகு நேரம் நிற்கும். மூன்றாம் வகுப்பில் தலைக்குப் பதினாலணா. தூரம் ஐம்பத்தைந்து மைல் இருக்கலாம். இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள். வெயில் முகத்தில் அடித்தாலும் பாலாறு அவ்வப்போது தெரியும். நாங்கள் போனபோது ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்கள்.

கட்டுச்சோறு கொண்டு போகிறவர்கள் குடியாத்தம் தாண்டியதும் பிரித்துவிடுவது நல்லது. ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கினால் தோல் ஊறும் வாடை மூக்கில் ஏறும். பழகியவர்களுக்கு ஒன்றுமில்லை. எனக்குத் தொண்டையில் இறங்கியிருந்த புளிச்சோறு மேலே வந்துவிடும் போலிருந்தது. அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டவர், எதிரே ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாக வருவதைப் பார்த்ததும் மூடியதை எடுத்துவிட்டார். "எவ்ளோ பேரு இதுல பிழைக்கறாங்க பாரு" என்றார். பட்டையைத் தோலோடு ஊறப்போட்டால்தான் தோல் பதமாகுமாம்.

ஆம்பூரிலிருந்து மாதனூர் வேலூர் ரோட்டில் ஆறு மைல். மோட்டார் பஸ் உண்டு, இரண்டணா. நேரம் என்று எதுவும் கிடையாது. ஆள் நிறைந்தால் புறப்படும். டிரைவர் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. மாதனூரில் என்ன வேலை என்று அவர் விசாரித்தார். பருத்தி பார்க்கப் போகிறோம் என்றேன்.

"பருத்தியா? இன்னா நேரத்துல வந்தீங்க! அங்க இப்போ ஒரே பேஜாரு. ஊரு பூரா செடியைப் புடுங்கிட்டான். ஒரு அம்மா மட்டும் புடுங்க மாட்டேன்னு வயல்லயே குந்திக்கினு இருக்குது."

"ஏன் பிடுங்கணும்? செடி காய்ஞ்சுபோச்சா?"

"பச்சையா நிக்குதுங்க, அதான் கூத்து. பூவும் பிஞ்சுமா நிக்கற செடியைப் புடுங்கச் சொல்றாரு கோயம்புத்தூர்க்காரரு. சொன்னதக் கேட்டு இவனுங்களும் புடுங்கிட்டானுங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா என் முதுகைத் தட்டினார். "கேட்டியா?" என்றார். 

ஆராய்ச்சிக்காரரின் பெயர் வேதாசலம். முப்பது வயது இருக்கும். ரோட்டோரமாக ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். அதில் மனிதர் இருப்பதைவிடப் பருத்திக்காய்தான் அதிகம் இருந்தது. சுவர் ஓரமாகக் கண்ணாடி ஜாடிகள், வாயில் மெல்லிய துணி கட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு கை அளவு காய். நாங்கள் யார், எங்கிருந்து வருகிறோம் என்று சொன்னதும் தண்ணீர் கொடுத்துவிட்டு, சடங்கு எதுவும் இல்லாமல் ஒரு ஜாடியைக் கையில் கொடுத்தார். துணியின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் அந்துப்பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அரிசி அளவுதான்.

"இதுதானுங்க உங்க வயலத் தின்னது" என்றார். "புழுவா இருக்கறப்ப காய்க்குள்ள இருக்கும். மருந்து தெளிச்சாலும் எட்டாது. வெளிய வந்தா இப்படிப் பறந்துட்டுப் போயிடும். இருக்கற எடம் தெரிஞ்சா கைக்கு எட்டாது. கைக்கு எட்டற நேரத்துல இருக்கற எடம் தெரியாது."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கம்போடியா செடி ஒரு எடுப்போடு நின்றுவிடாது. பங்குனியில் எடுத்து முடித்த பிறகும் துளிர்த்து, ஆனி ஆடியில் மறுபடி கொஞ்சம் காய்க்கும். கொசுறாகக் கிடைக்கும் அந்தக் காயை நாம் லாபம் என்று நினைக்கிறோம். புழுவுக்கு அதுதான் பாலம். அடுத்த விதைப்பு வரை அது அந்தக் காயில் உயிர் பிழைத்து, புரட்டாசியில் நாம் போடும் புதுச் செடி காய்க்கும்போது அங்கே குடியேறிவிடும். ஆகவே ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் பழைய செடியைப் பிடுங்கி எரித்துவிட்டால், நடுவில் சில வாரங்கள் அதற்குத் தின்ன எதுவும் இருக்காது. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இதற்குச் சட்டமே உண்டாம். இங்கே சட்டம் இல்லை. ஊரார் தாங்களே பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடு. பருத்தி மட்டும் போதாது, வீட்டுக் கொல்லையில் இருக்கும் வெண்டைச் செடியிலும் வேலியில் முளைக்கும் துத்தியிலும் அது தங்கும் என்றும் சொன்னார்.

அக்கா கேட்டார்: "எல்லாரும் புடுங்கிட்டா அடுத்த வருசம் புழு வராதா, ஐயா?"

 வேதாசலம் ஜாடியை வாங்கிப் பழைய இடத்தில் வைத்தார். "கம்மியாகும்னு நெனைக்கறேனுங்க. வராதுன்னு சொல்ல மாட்டேன். பக்கத்து ஊர்ல இருந்து பறந்து வரலாம். விதைக்குள்ள ஒளிஞ்சு வரலாம். உறுதி கேட்டா எங்கிட்ட இல்லீங்க."

உறுதி சொல்கிற எத்தனையோ ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். விதை விற்க வந்தவன் சொன்னான், உரம் விற்க வந்தவன் சொன்னான். இவர் இல்லை என்றதும் இவரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது. அக்காவுக்கு நேர்மாறாகத் தோன்றியது என்பதை அவர் முகமே சொல்லிற்று. பச்சைச் செடியைப் பிடுங்கச் சொல்கிறவர் பலனையும் சொல்ல வேண்டாமா?

மாலையில் வயலுக்குப் போனோம். ரோட்டிலிருந்து பாலாற்றுப் பக்கமாக அரை மைல் நடை. வழியில் எல்லா நிலமும் வெறுமையாகக் கிடந்தது. பிடுங்கிய செடிகளைக் குவித்து எரித்த சாம்பல் அங்கங்கே கறுப்பாகத் தெரிந்தது. சில நிலங்களில் அதற்குள் கேழ்வரகு நாற்று விட்டிருந்தார்கள். அந்த வெறுமைக்கு நடுவே ஒரே ஒரு துண்டு நிலம், ஒரு ஏக்கர்கூட வராது, இடுப்பளவு பச்சையாக நின்றது. மஞ்சள் பூக்கள். வெகு அழகாக இருந்தது. அழகாக இருந்ததுதான் சங்கடம்.

வரப்பில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். உரக்கப் பேசிக்கொண்டிருந்தவர் கோவிந்தசாமி, அந்த நிலத்துக்கு மேல்புறத்து நிலத்துக்காரர். அவர் எதிரே, தன் செடிகளுக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் ரோசம்மா. கிறிஸ்தவப் பெண். புருஷன் ஆரோக்கியம் ஆம்பூரில் தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறான். வருஷக்கணக்காகச் சுண்ணாம்பில் நின்று அவன் காலெல்லாம் வெடித்துப் புண்ணாகிவிட்டதால் சேற்றிலும் மண்ணிலும் இறங்க முடியாது. நிலத்தைப் பார்ப்பது இவள் ஒருத்திதான் என்று வேதாசலம் வழியிலேயே எங்களிடம் சொல்லியிருந்தார்.

"நான் மூணு ஏக்கரு புடுங்கியிருக்கேன்" என்று கத்தினார் கோவிந்தசாமி. "காய் இல்லாமயா புடுங்கனேன்? வவுறு எரிஞ்சிதான் புடுங்கனேன். எல்லாரும் புடுங்கிட்டு ஒருத்தி வெச்சிக்கினா, ஊர்ப் புழு பூரா இங்க வந்து தங்கி, அடுத்த வருசம் என் செடிக்குத்தானே வரும்? நான் இன்னாத்துக்குப் புடுங்கனேன்?"

"நான் உங்கள புடுங்கச் சொல்லல, ஐயா" என்றாள் ரோசம்மா. அவள் குரல் உயரவில்லை.

"ஆள வெச்சு நாங்களே புடுங்கிடுவோம்" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"வாங்க. மொதல்ல என்னைப் புடுங்கிப் போட்டுட்டு அப்புறம் செடியைப் புடுங்குங்க."

வேதாசலம் கூட்டத்துக்கு நடுவே போனார். யாரும் யார் வயலிலும் இறங்கக் கூடாது, அப்படி இறங்கினால் தான் நாளைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார். பிறகு ரோசம்மாவின் அனுமதி கேட்டு ஐந்து காயைப் பறித்து அவள் முன்னாலேயே பிளந்தார். இரண்டில் புழு இருந்தது. மற்றவை சுத்தம்.

"மூணு நல்லாருக்குதே" என்றாள் அவள்.

"இருக்கும்மா. ரெண்டுல இருக்கறது போதும், ஊருக்கே பரவ."

"புடுங்கிட்டா அடுத்த வருசம் வராதுன்னு எழுதித் தருவீங்களா?"

வேதாசலம் எங்களிடம் சொன்னதையேதான் அவளிடமும் சொன்னார். உறுதி தர முடியாது என்று. பொய் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் காரியம் முடிந்திருக்கலாம். கோவிந்தசாமி தலையில் அடித்துக்கொண்டார். கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. நாளைக் காலை இதற்கொரு முடிவு கட்டுவோம் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்ன தொனி நன்றாக இல்லை.

அக்கா போகவில்லை. வரப்பில் ரோசம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் சற்றுத் தள்ளி நின்றேன். நாங்கள் எங்கிருந்து வந்தோம், எங்கள் பருத்தி எப்படிப் போயிற்று என்றெல்லாம் அக்கா சொன்னார். தனக்கும் பச்சைச் செடியைப் பிடுங்க மனம் வராது என்றார். பிறகு, வீட்டில் உப்புப் போதுமா என்று விசாரிப்பது போல, "புடுங்கிட்டா அடுத்தாப்ல இன்னா போடுவ?" என்று கேட்டார்.

அதுவரை கட்டியிருந்த கையை ரோசம்மா பிரித்தாள்.

"அதான்க்கா. போன ஐப்பசி மழையில எங்க கெணறு ஒரு பக்கம் சரிஞ்சு விழுந்துடுச்சு. மண்ணு அள்ள ஆளில்ல. அவரு காலு உங்களுக்குத் தெரியாது, நடந்து வூட்டுக்கு வர்றதே பெரிசு. இந்தச் செடிக்கு வேரு கீழ போயிட்டுது, தண்ணி கேக்காது. நிக்கறவரைக்கும் நாலு காய் குடுக்கும். அவங்கெல்லாம் புடுங்கிட்டுக் கேவுரு நட்டுட்டாங்க. கெணறு இருக்குது, நட்டாங்க. நான் புடுங்கிட்டு எதால தண்ணி கட்டி எதை நடறது? புடுங்கற அன்னிக்கே இந்த நெலம் செத்துப் போவும்."

"இதை அவங்ககிட்ட சொன்னியா?"

"சொல்லி? மேல்பொறத்துக்காரரு கெணத்துத் தண்ணியத்தான் கேக்கணும். எங்க ஆளுங்க அந்தக் கெணத்துப் பக்கமே போக மாட்டோம். போவக் கூடாதுன்னு யாரும் பலகை எழுதி மாட்டல. எங்களுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். கேட்டு, இல்லன்னு சொல்லிட்டா, அதுக்கப்புறம் இந்த வரப்புல எப்படி மூஞ்சியக் காட்டறது?"

  அந்த மாலையில் அங்கே பேசப்பட்டதெல்லாம் புழுவைப் பற்றித்தான். அவளுடைய கிணற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் உட்பட.

வேதாசலத்திடம் சொன்னோம். அவர் முகம் வாடிவிட்டது. "நாலு மாசமா இந்தம்மாகிட்டப் பேசிட்டிருக்கேன். புழு எங்க முட்டையிடும், எப்பப் பறக்கும்னு எல்லாம் சொன்னேன். இதக் கேட்கலீங்க" என்றார். நேரே கோவிந்தசாமி வீட்டுக்குப் போனோம்.

கோவிந்தசாமி எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். கோபக்காரர் என்று நினைத்திருந்தேன். அவரிடம் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. "தண்ணி குடுக்கறதுல எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். "எங்க பங்காளிங்க இன்னா சொல்வாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா என் வாசலுக்கு வர மாட்டானுங்க."

வேதாசலம் புழுவைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார். அக்கா அவரைக் கையமர்த்தினார்.

"அண்ணே, நீங்க வவுறு எரிஞ்சு மூணு ஏக்கரு புடுங்கனீங்க. அந்தப் பொண்ணு புடுங்கலன்னா அது வீண். பங்காளிங்க வந்து அதை நட்டுக் குடுப்பாங்களா? கெணத்துக்கிட்ட அவ வர வேணாம், நீங்க மாட்டைப் பூட்டிக் கவலை ஏத்தம் ஓட்டுங்க. தண்ணி வாய்க்கால்ல போவட்டும். வாய்க்காலுக்கு யாரு வயலு, யாரு இன்னான்னு தெரியுமா?"

கிணற்றுக்கிட்ட அவள் வர வேண்டாம் என்று அக்கா சொன்னது எனக்கு உறுத்தியது. ரோசம்மா அங்கே இருந்து அதைக் கேட்டிருந்தால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? திரும்பும்போது கேட்டேன். "எனக்கும் நாக்கு கூசிச்சு. ஆனா ராத்திரிக்குள்ள அவரை எவ்ளோ தூரம் இழுக்க முடியுமோ அவ்ளோதானே இழுக்க முடியும்?" என்றார். அவர் சொன்னது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கோவிந்தசாமி அன்று முடிவாக எதுவும் சொல்லவில்லை. நாங்கள் வேதாசலத்தின் வீட்டில், ஜாடிகளுக்கு நடுவே, படுத்துக்கொண்டோம்.

காலையில் வயலுக்குப் போனபோது கூட்டம் எங்களுக்கு முன்பே வந்திருந்தது. சிலர் கையில் கடப்பாரை. ரோசம்மா நேற்று நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். இன்று ஆரோக்கியமும் வந்திருந்தான். காலில் துணி சுற்றிக்கொண்டு, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். கோவிந்தசாமியைக் காணோம். 

பிறகு மேல்புறத்துக் கிணற்றிலிருந்து சத்தம் கேட்டது. கவலை ஏற்றத்தின் உருளை கிறீச்சிடும் சத்தம். மாடுகள் சரிவில் இறங்குவதும் தோல் சால் மேலே வந்து கவிழ்வதும் இங்கிருந்தே தெரிந்தன. மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தது கோவிந்தசாமியின் மகன். கோவிந்தசாமி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்போடு வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இந்தாம்மா ரோசம்மா. கேவுரு நட்டுக்க. வாரத்துல ரெண்டு நாள் தண்ணி விடறேன். மழை புடிக்கறவரைக்கும். செடியைப் புடுங்கு."

கூட்டத்தில் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோவிந்தசாமி அவர் பக்கம் திரும்பி, "உன் கெணத்துத் தண்ணியக் கேட்டேனா?" என்றார். அதோடு சரி.

ரோசம்மா நகரவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவள் சொன்னது இது:

"பேச்சு வேணாம், ஐயா. கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு யாராவது இன்னாவாவது சொல்லுவாங்க, நீங்க மனசு மாறிடுவீங்க. நான் புடுங்கினது புடுங்கினதுதான், திரும்ப நட முடியாது. மொதல்ல வரப்பை வெட்டுங்க. தண்ணி எங்க நெலத்துல ஏறட்டும். அப்புறம் நான் செடியில கை வெக்கறேன்."

 பெரிய மனுஷரிடம் இப்படி நிபந்தனை போட்டுப் பேசுவது அந்த ஊரில் நடக்கிற காரியம் இல்லை. கோவிந்தசாமி அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு நிலத்துக்கும் நடுவில் இருந்த வரப்பில் மண்வெட்டியைப் போட்டார். பழைய வரப்பு, இறுகிக் கிடந்தது. நானும் ஒரு மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன். வேதாசலமும் வந்தார், அவர் வெட்டிய அழகைப் பார்த்து ஆரோக்கியம் கல்லில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டான்.

தண்ணீர் வந்து சேரக் கொஞ்சம் நேரமாயிற்று. வாய்க்கால் காய்ந்திருந்ததால் குடித்துக் குடித்து வந்தது. முன்னால் நுரையும் சருகும், பின்னால் கலங்கல் தண்ணீர். வெட்டிய வாய் வழியாக ரோசம்மாவின் நிலத்துக்குள் இறங்கி, முதல் வரிசைச் செடிகளின் அடியில் பரவிற்று. அவள் குனிந்து அதில் கையை வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்து, பக்கத்தில் இருந்த செடியை இரண்டு கையாலும் அடியில் பிடித்து இழுத்தாள். ஈரம் பட்டிருந்ததால் வேரோடு வந்தது. நீளமான வேர். அதைக் கீழே போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அதில் இரண்டு பூ இருந்தன.

அதன் பிறகு கடப்பாரையோடு வந்தவர்களே இறங்கினார்கள். முதிர்ந்த காய்களை முதலில் அவளுக்குப் பறித்துக் கொடுத்துவிட்டு, பிறகு செடிகளைப் பிடுங்கினார்கள். பாறையில் வெயிலில் போட்டால் அந்தக் காய்கள் வெடிக்கும், பஞ்சு மட்டமாக இருந்தாலும் தலையணைக்காவது ஆகும் என்றார் வேதாசலம்; மிச்சத்தை எரிக்க வேண்டும். அக்கா ஒரு வரிசை முழுக்கத் தானே பிடுங்கினார். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. வெயில் ஏறுவதற்குள் மாதனூரில் பச்சைப் பருத்தி என்று ஒன்றும் இல்லை. திரும்பும் வழியில் வேதாசலத்தின் வீட்டுக் கொல்லையில் இரண்டு வெண்டைச் செடி நின்றதை அக்கா காட்டினார். அவர் வெட்கத்தோடு போய் அவற்றையும் பிடுங்கினார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஆடி முடிவதற்குள் போனால் பிடுங்குவதைப் பார்க்கலாம்; மாசி பங்குனியில் போனால் பலனைப் பார்க்கலாம். முடிந்தால் இரண்டு தடவையும் போங்கள். தனியாகப் போகாமல் உங்கள் ஊரில் வேண்டாம் என்று சொல்கிறவரைக் கூட அழைத்துப் போங்கள். ஆம்பூரில் மாலை வண்டி தவறினால் ஸ்டேஷனுக்கு அருகில் சத்திரம் இருக்கிறது. பாய் கொண்டு போவது உத்தமம். விதை வாங்கும்போது கையில் அள்ளிப் பாருங்கள். இரண்டு விதை ஒன்றோடொன்று ஒட்டி இரட்டையாக இருந்தால் நடுவில் புழு உறங்குகிறது என்று அர்த்தம். சித்திரை வெயிலில் விதையைப் பாறையில் மெல்லிசாகப் பரப்பி, கால் வைக்க முடியாத சூட்டில் காய வைத்தால் அந்தப் புழு சாகும் என்று வேதாசலம் சொன்னார். எங்கள் விதையை இந்த வருஷம் அப்படித்தான் காய வைக்கப் போகிறோம்.

ஆம், பருத்திதான் போட்டோம். அக்காதான் முடிவு செய்தார். அதற்கு முன், ரயிலில் வரும்போதே, எங்கள் ஊரில் பருத்தி போடுகிறவர்களில் யாருக்குக் கிணறு இல்லை, யாரிடம் மாடு இல்லை என்று ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்துக்கொண்டே வந்தார். பிடுங்கச் சொல்வதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்றார். போனோம். சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. ஆகவே எங்கள் ஊர் அரைகுறையாகத்தான் பிடுங்கிற்று. காயும் அரைகுறைதான்.

பங்குனியில் மறுபடி மாதனூர் போனேன். இந்தத் தடவை பஸ்ஸில் இடம் கிடைக்காமல் பாதி வழி நின்றுகொண்டு போனேன். ரோசம்மாவின் நிலத்தில் கேழ்வரகு அறுத்த பிறகு போட்ட பருத்தி வெடித்திருந்தது. கோவிந்தசாமியின் பங்காளிகளில் இரண்டு வீட்டார் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். வரப்பில் வெட்டிய வாயை அவர் மூடவில்லை. ரோசம்மா கிணற்றுப் பக்கம் இன்னும் போவதில்லை. அதுவும் மாறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேதாசலம் கூடையிலிருந்து காயை எடுத்து எடுத்துப் பிளந்துகொண்டிருந்தார். புழு இருந்தால் எரிக்கப் பக்கத்தில் நெருப்பு மூட்டியிருந்தார். நானும் ரோசம்மாவும் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுத்தம். சுத்தம். மறுபடியும் சுத்தம். வெகு நேரம் கழித்து ஒரு காயில் அவர் கை நின்றது. ரோஜா நிறத்தில், உயிரோடு, நெளிந்தது.

"இருக்குதும்மா" என்றார். ஏதோ தானே கொண்டுவந்து வைத்துவிட்டதைப் போன்ற குரல்.

ரோசம்மா அந்தக் காயை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள்.

"இருந்துட்டுப் போவட்டும், ஐயா" என்றாள். "போன வருசம் அது தின்ன மிச்சத்தைத்தானே நாங்க எடுத்தோம். இந்த வருசம் நாங்க எடுத்த மிச்சம் அதுக்கு."

அப்படிச் சொன்னவளே காயை நெருப்பில் போட்டுவிட்டு, மடியை உதறிக் கட்டிக்கொண்டு, அடுத்த வரிசைக்குப் போனாள்.